குவியத் தூரத்தின் அரசியல்: கிரகணப் படங்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

சூரிய கிரகணம் நெருங்கும்போதெல்லாம் கேமரா வைத்திருப்பவர்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு: ‘எத்தனை மில்லிமீட்டர் லென்ஸ் வேணும்?’ 300 வைத்திருப்பவரிடம் 500 இருந்தா நல்லாருக்கும் என்பார்கள். 500 வைத்திருப்பவருக்கு 1000 மேல் ஆசை. நீளம் கூடக் கூடச் சூரியன் பெரிசா விழும், பெரிசா விழுந்தால் நல்ல படம். இதற்குமேல் இதில் யோசிக்க என்ன இருக்கு என்றுதான் தோன்றும்.

கணக்கு உண்மையிலேயே எளிது. வானத்தில் சூரியனின் அகலம் ஏறக்குறைய அரை பாகை. லென்ஸின் குவியத் தூரத்தை 109ஆல் வகுத்தால் ஃபிலிமிலோ சென்சாரிலோ விழுகிற சூரியனின் குறுக்களவு கிடைத்துவிடும். 50 மி.மீ. லென்ஸில் அரை மி.மீ.கூட வராது, வெறும் புள்ளி. 200இல் 1.8 மி.மீ., 500இல் 4.6, 1000இல் 9.2, 2000இல் 18.3. வழக்கமான 35 மி.மீ. ஃபிலிமின் சட்டம் 24க்கு 36. ஆக, 2000 மி.மீ. லென்ஸில் சூரியன் சட்டத்தின் உயரத்தில் முக்கால்வாசியை அடைத்துக்கொள்ளும்.

ஆனால் முழு கிரகணம் என்றால் விஷயம் வேறு. சந்திரன் சூரியனை முழுசாக மூடுகிற அந்த இரண்டு மூன்று நிமிஷத்தில் படம்பிடிக்கச் சூரியத் தட்டு அங்கே இல்லை. அதைச் சுற்றியிருக்கிற கரோனா என்னும் வெண்ணிற ஒளிதான் இருக்கிறது. சூரியத் தட்டைவிட ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு மங்கலானது அது. விளிம்பையொட்டி அடர்த்தியாகத் தொடங்கி, வெளியே போகப் போக இழையிழையாக நீண்டு, சூரியக் குறுக்களவைப்போலப் பலமடங்கு தூரம் பரவி வானத்து இருட்டோடு கலந்துவிடும். 2000 மி.மீ. போட்டவருக்கு உள்விளிம்பு துல்லியமாகக் கிடைக்கும். நீண்ட இழைகள் சட்டத்துக்கு வெளியே போய்விடும். வெளிச்சப் பிரச்சினையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. லென்ஸின் விட்டம் அப்படியே இருக்க, குவியத் தூரத்தை மட்டும் இரட்டித்தால் பிம்பத்தின் பரப்பு நாலு மடங்காகும். அதே வெளிச்சத்தை நாலு மடங்கு இடத்துக்குப் பங்கிட்டால் மெலிந்துதானே போகும்?

மையம், விளிம்பு என்கிற சொற்களைச் சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் தேயத் தேயப் பயன்படுத்தியிருக்கிறோம். இங்கே அவை உருவகமில்லை. எந்த லென்ஸ் என்று முடிவு செய்கிறபோதே எது சட்டத்துக்குள் இருக்கும், எது வெளியே போகும் என்பதும் முடிவாகிவிடுகிறது. இந்த முடிவைக் கடந்த நூற்றெழுபது வருஷத்தில் யார் யார், எதற்காக, எப்படி எடுத்தார்கள் என்று பார்ப்பது பயனுள்ள காரியம்.

2

கரோனா பதிவான முதல் படம் 1851 ஜூலை 28இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் வானாய்வகத்தில் எடுக்கப்பட்டது. எடுத்தவர் பெர்கோவ்ஸ்கி என்ற உள்ளூர் டாகரோடைப் தொழிலாளி. வானாய்வகத்தின் பெரிய கருவியோடு பொருத்தப்பட்ட, 81 செ.மீ. குவியத் தூரமுள்ள சின்னத் தொலைநோக்கி வழியே, 84 விநாடி ஒளிபடவைத்து எடுத்தார். இன்றைய கணக்கில் அது 810 மி.மீ. லென்ஸ், சூரியன் ஏழரை மி.மீ. அளவுக்கு விழுந்திருக்கிறது. அவருடைய முழுப்பெயர் அன்றைய வெளியீடுகளில் இல்லை. படம் நிலைத்துவிட்டது, எடுத்தவர் பாதிப் பெயரோடு நிற்கிறார்.

1860 ஜூலை 18இல் ஸ்பெயினில் முழு கிரகணம். அன்று வானியலாளர்களைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி: மறைந்த சூரியனின் ஓரத்தில் தெரியும் செந்தழல்கள் சூரியனுடையவையா, சந்திரனுடையவையா? இதற்கு ஓரம் பெரிசாகவும் தெளிவாகவும் விழவேண்டும். இங்கிலாந்தின் வாரன் டி லா ரூ ரிவாபெயோசா என்னும் ஊரில், பிம்பத்தை உருப்பெருக்கிப் பதிக்கிற சூரியக் கேமரா ஒன்றை நிறுத்தினார். ரோமாபுரியின் ஏசுசபைப் பாதிரியார் செக்கி கடற்கரைப் பக்கம் இன்னோர் இடத்தில் எடுத்தார். இரண்டு இடத்துப் படங்களையும் ஒப்பிட்டபோது தழல்கள் ஒரே வடிவத்தில் இருந்தன. சந்திரன் நகர நகர ஒருபக்கத் தழல்கள் மூடப்பட்டு மறுபக்கத்தவை வெளிப்பட்டன. தழல்கள் சூரியனுடையவை என்று முடிவாயிற்று. கேள்விக்கு ஏற்ற கருவி அது. அதே கருவிக்குக் கரோனாவின் பரப்பு அகப்படவில்லை.

அடுத்த கேள்வி கரோனாவைப் பற்றியது. அது சூரியனைச் சேர்ந்ததா, நம் காற்றுமண்டலத்தில் ஒளி சிதறுவதால் வரும் தோற்றமா? பத்து வருஷத்துக்கு மேல் சண்டை போட்டார்கள். இங்கேதான் நம் விஷயம் திரும்புகிறது. 1870 டிசம்பர் 22 கிரகணத்துக்கு சிசிலித் தீவின் சிராக்யூஸ் போனவர்களில் ஆல்ஃபிரட் பிரதர்ஸ் ஒருவர். மான்செஸ்டரில் ஆட்களை உட்காரவைத்துப் படமெடுக்கிற ஸ்டூடியோக்காரர். தொலைநோக்கியை ஒதுக்கிவைத்துவிட்டு, டால்மேயர் தயாரித்த ‘ராபிட் ரெக்டிலினியர்’ என்ற சாதாரணக் கேமரா லென்ஸைப் பயன்படுத்தினார். சூரியன் சிறிசாகத்தான் விழுந்தது. ஆனால் அதுவரை யாருக்கும் கிடைக்காத அகலத்துக்குக் கரோனா விழுந்தது. பிம்பத்தைப் பெருக்குவதற்குப் பதில் வெளிச்சத்தைச் சேர்ப்பது என்கிற தொழில்காரரின் அறிவு வானாய்வகக்காரர்களின் பழக்கத்தை மாற்றியது.

அந்தப் பாடத்தோடுதான் அவர்கள் 1871 டிசம்பர் 12 கிரகணத்துக்குச் சென்னை மாகாணம் வந்தார்கள். மலபார்க் கரையில் பேக்கல் கோட்டையிலிருந்து நீலகிரி வழியாக யாழ்ப்பாணம், திருகோணமலை வரைக்கும் நிழல் போயிற்று. பேக்கலில் டேவிஸ் என்ற உதவியாளர் படமெடுத்தார்; லார்ட் லின்ட்சேயின் செலவில் வந்தவர். தொட்டபெட்டா உச்சியில் கர்னல் டெனன்ட்டின் குழு. இரண்டு இடத்திலும் மூன்றடிக்குக் குறைவான குவியத் தூரமுள்ள கேமரா லென்ஸ்கள். ஒன்று கடல்மட்டம், மற்றது 2637 மீட்டர் உயரம். நடுவே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். காற்றுமண்டலத்தின் மாயம் என்றால் கரைக்கு மேலிருக்கும் கனத்த காற்றிலும் மலையுச்சியின் மெல்லிய காற்றிலும் ஒரே மாதிரி வருமா? படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இழைகளும் இடைவெளிகளும் ஒத்துப்போயின. கரோனா சூரியனுடையது.

தொட்டபெட்டாவைச் சினிமாப் பாட்டு எடுக்கிற இடமாகத்தான் நமக்குத் தெரியும். சூரியன் எதுவரைக்கும் சூரியன் என்கிற எல்லையைத் தள்ளிவைத்த படங்களில் பாதி அங்கே எடுக்கப்பட்டவை.

3

குட்டை லென்ஸ் இவ்வளவு செய்த பிறகும் நீளத்தின் மோகம் போய்விடவில்லை. கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்தைச் சேர்ந்த ஷேபெர்லி 1893இல் சிலி நாட்டு மலைப்பகுதிக்கு எடுத்துப்போனது 40 அடி குவியத் தூரமுள்ள கேமரா. மில்லிமீட்டரில் சொன்னால் 12,000க்கு மேல். லென்ஸின் விட்டமோ ஐந்தே அங்குலம். அவ்வளவு நீளக் குழலைத் தூக்கித் திருப்ப முடியாது. லென்ஸை உயரத்தில் அசையாமல் பொருத்தி, மறுமுனையில் பிளேட்டைச் சூரியனின் நகர்வுக்கு ஏற்பத் தண்டவாளத்தில் நகர்த்தினார்கள். சூரியன் 11 செ.மீ. அகலத்தில் விழுந்தது. உள் கரோனாவின் வளைவுகளும் தழல்களின் வேர்களும் அதற்குமுன் யாரும் பார்க்காத நுணுக்கத்தோடு வந்தன. இதைக் குறைத்துச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

1898 ஜனவரி 22 கிரகணத்துக்கு அதே 40 அடிக் கேமரா இந்தியா வந்தது. லிக் வானாய்வகத்தின் கேம்ப்பெல் அதை மேற்கிந்தியாவில் ஜேவூர் என்ற இடத்தில் நிறுத்தினார். அதே நாள், அதே நிழல்பாதையில் தல்னி என்ற ஊரில் ஆனி மாண்டர் என்ற பெண் தன் கேமராவை நிறுத்தியிருந்தார். அவருடைய லென்ஸ் ஒன்றரை அங்குல விட்டம், குறுங்குவியம். கையில் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

ஆனி மாண்டர் கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் கணிதம் படித்தவர். அந்தக் காலத்தில் பெண்களுக்கு அங்கே பட்டம் தரமாட்டார்கள். கிரீனிச் வானாய்வகத்தில் ‘கணக்கிடும் பெண்’ என்ற பெயரில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். சூரியப் புள்ளிகளைப் படமெடுத்து அளப்பது வேலை. அங்கேயே பணிபுரிந்த வால்டர் மாண்டரை 1895இல் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணமான பெண்ணுக்கு அரசு வேலை இல்லை என்பது விதி, ராஜினாமா செய்யவேண்டியதாயிற்று. பிறகு கர்ட்டன் கல்லூரி தந்த உதவித்தொகையில் வாங்கியதுதான் அந்தச் சின்னக் கேமரா.

தல்னியில் அவர் எடுத்த படத்தில் கரோனாவின் ஓர் இழை சூரியனிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி கிலோமீட்டர் தூரத்துக்கு நீண்டிருந்தது. அதுவரை படத்தில் பதிந்த எல்லாவற்றையும்விட நீளமானது. 40 அடிக் கேமராவின் பிளேட்டில் அந்த நீளத்துக்கு இடமே கிடையாது. இருந்திருந்தாலும், பெருக்கப்பட்டு மெலிந்த வெளிச்சத்தில் இழை பதிந்திருக்காது.

சூரியனிலிருந்து இடைவிடாமல் துகள்கள் வெளியேறுகின்றன என்ற கருத்து, நாம் இப்போது சூரியக் காற்று என்று சொல்வது, கோட்பாடாக நிலைபெற 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1898இல் மாண்டரின் பிளேட் ஒன்றை மட்டும் காட்டியது: சூரியன் தன் தட்டோடு முடிந்துபோகிற பொருள் இல்லை. வேலையிலிருந்து வெளியேற்றப்பட்டவர் விளிம்பைப் பார்த்தார் என்று இதை அழகாகச் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லி முடித்துக்கொள்வது நமக்குப் பிடித்த பாணிதான். ஆனால் அவர் அந்த லென்ஸை வாங்கியதற்குக் காரணம் ஏழ்மை மட்டும் இல்லை. வெளிக் கரோனாவைப் பிடிக்க எது பொருந்தும் என்று தெரிந்தே தேர்ந்தார். ஒடுக்கப்பட்டவரின் வேலையை விபத்தாக்கிப் பாராட்டுவதும் ஒருவகை மறுப்பே.

4

சிறிசு எல்லாம் நல்லது, பெரிசு எல்லாம் அதிகாரம் என்று சூத்திரம் போட்டுவிட்டுப் போகலாமா என்றால் 1919 குறுக்கே நிற்கிறது.

1919 மே 29. சூரியனுக்கு அருகே வரும் நட்சத்திர ஒளி ஐன்ஸ்டைனின் கோட்பாட்டின்படி விளிம்பில் 1.75 விகலை வளையவேண்டும். நியூட்டனின் வழியில் கணக்கிட்டால் அதில் பாதி. விகலை என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு. இந்த நகர்வைப் படத்தில் அளக்க நீளம் வேண்டும், தப்பிக்க வழியில்லை. பிரேசிலின் சொப்ரால் ஊருக்கு கிராம்லினும் டேவிட்சனும் கொண்டுபோன முதன்மைக் கருவி கிரீனிச்சின் பெரிய லென்ஸ்: 13 அங்குலம், ஏறக்குறைய 11 அடி குவியத் தூரம். அதில் 1.75 விகலை என்பது மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு. துணைக்கு ஒன்று இருக்கட்டுமே என்று கார்ட்டி என்ற பாதிரியாரின் யோசனைப்படி இரவல் வாங்கிப்போனது 4 அங்குல விட்டம், 19 அடி குவியத் தூரமுள்ள லென்ஸ். அதில் அதே வளைவு நூறில் ஐந்து பங்கு.

துணைக்குப் போனது காப்பாற்றியது. சூரியனைத் தொடர்ந்து திரும்பி லென்ஸுக்கு ஒளியை அனுப்புகிற கண்ணாடி வெயிலில் சூடேறி உருமாறியிருக்க வேண்டும். பெரிய லென்ஸின் 19 பிளேட்டுகளில் நட்சத்திரங்கள் கலங்கித் தெரிந்தன. சின்ன லென்ஸின் 8 பிளேட்டுகளில் 7 துல்லியம். ஆப்பிரிக்கக் கரையோரத்தின் பிரின்சிப்பித் தீவில் எடிங்டனின் குழு மேகத்துக்கு நடுவே எடுத்த 16இல் தேறியது இரண்டு. கணக்கு இப்படி வந்தது: சொப்ராலின் 4 அங்குலம் 1.98, பிரின்சிப்பி 1.61, கலங்கிய பெரிய லென்ஸ் 0.93. கடைசி எண் நியூட்டன் பக்கம் சாய்கிறது. அதை ஒதுக்கிவிட்டு ஐன்ஸ்டைன் ஜெயித்தார் என்று நவம்பரில் அறிவித்தார்கள்.

இதைப் படிக்கிற எவருக்கும் சந்தேகம் வரும், வரவும் வேண்டும். விஞ்ஞானத்தைச் சமூகவியல் நோக்கில் ஆராய்ந்த ஹாரி காலின்ஸ், ட்ரெவர் பிஞ்ச் இருவரும் 1993இல் வெளியிட்ட ‘கோலெம்’ நூலில் இதையே எடுத்துக்காட்டாக வைத்தார்கள். எந்தப் படம் செல்லும், எந்தப் படம் செல்லாது என்பதைக் கோட்பாடே முடிவுசெய்துவிட்டது என்பது அந்த வாதத்தின் சாரம். ‘பாத்தீங்களா, விஞ்ஞானமும் ஒரு சொல்லாடல்தான்’ என்று இங்கேயும் பலர் இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் பிளேட்டுகள் மிஞ்சியிருந்தன. கிரகணத்துக்கு மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்குச் சொப்ராலில் பெரிய லென்ஸின் சில பிளேட்டுகளைக் கழுவிப் பார்த்தவர்கள், குவியம் பெயர்ந்துவிட்டது என்று அப்போதே குறித்துவைத்திருக்கிறார்கள். ஒரு நட்சத்திரத்தைக்கூட அளக்காத நேரம் அது. அளவு யார் பக்கம் சாயும் என்று தெரிய வாய்ப்பில்லை. 1979இல் கிரீனிச் வானாய்வகத்தில் நவீன இயந்திரத்தால் அதே பிளேட்டுகளை மறுபடி அளந்தபோது ஒதுக்கப்பட்ட பெரிய லென்ஸின் எண் 1.55 ஆயிற்று. ஐன்ஸ்டைனுக்கு அருகில்தான். ஆக, தேர்வு இருந்தது, தேர்வில் அதிகாரமும் இருந்தது. அதனால் முடிவு பொய்யாகிவிடவில்லை. தேர்வு செய்யாத பார்வை என்று ஒன்று கிடையாது. தேர்ந்ததற்கான காரணத்தை எழுதிவைத்து, ஒதுக்கியதையும் தூக்கியெறியாமல் வைத்திருந்தால் அறுபது வருஷம் கழித்தும் யாரோ ஒருவர் எடுத்துச் சரிபார்க்கலாம். இயக்கங்களின் ஆவணங்களை வைத்திருப்பவர்கள் இதில் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு என்று படுகிறது.

5

லென்ஸைத் தூக்கிச் சுமந்தவர்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். எடிங்டன் பிரின்சிப்பியில் தங்கியது சுண்டி என்னும் கோகோ தோட்டத்தில். அந்தத் தீவுகளின் கோகோ அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கட்டாயத் தொழிலாளர்களால் விளைந்தது என்பதால் 1909இல் பிரிட்டிஷ் சாக்லேட் கம்பெனிகளே அதைப் புறக்கணித்தன. கருவிப் பெட்டிகள் டிராம் போகாத காட்டுவழியில் உள்ளூர்ச் சுமையாட்களின் தோளில் போயின. அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. 1871இல் பேக்கல் கோட்டையில், கிரகணத்தைப் பிடித்த அசுரனை விரட்ட ஜனங்கள் தீமூட்டப் போனபோது, புகை வானத்தை மறைத்துவிடும் என்று போலீஸ் அதை அணைத்தது. ஒரே சூரியனைப் பார்க்க வந்த இரண்டு கூட்டத்தில் யாருடைய பார்வைக்கு லத்தி காவல் நின்றது என்பதில் சந்தேகமில்லை. இதற்குள்ளேயும் வேறொரு கோடு உண்டு: 1868 கிரகணத்தின்போது வனபர்த்தியில் சென்னை வானாய்வகத்தின் குழுவொன்றை நடத்தியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் கணக்கை நேரடி அவதானிப்போடு பொருத்தித் திருத்தவேண்டும் என்று வாதாடியவர். தொலைநோக்கியின் மறுமுனையில் நம்மவர் என்றால் எந்த வீட்டு நம்மவர் என்பதும் அதே வரலாற்றின் பகுதிதான்.

சரி, எத்தனை மில்லிமீட்டர்? இத்தனையும் சொல்லிவிட்டு இதற்குப் பதில் சொல்லாமல் போவது நியாயமில்லை. முழு கிரகணத்தில் கரோனா வேண்டும் என்றால், 35 மி.மீ. சட்டத்துக்கு 400 முதல் 600 வரை போதும். செந்தழல்கள் வேண்டும் என்றால் 1000க்கு மேல். நிழல் கவிந்த வயல், அண்ணாந்து நிற்கிற ஜனங்கள் எல்லாம் வேண்டும் என்றால் 28 மி.மீ. லென்ஸும் கிரகணப் படம் எடுக்கும். சென்சார் சிறியதாக இருக்கிற கேமராவில் இந்த எண்களை ஒன்றரையால் வகுத்துக்கொள்ளலாம். கரோனாவின் உள்ளும் வெளியும் ஒரே ஒளிபடலில் அடங்காது. இன்று நாம் வியக்கிற கரோனாப் படங்கள் பல ஒளிபடல்களைக் கணினியில் கூட்டிச் செய்தவை. நீண்ட லென்ஸ் சின்ன ஆட்டத்தையும் பெரிசாக்கிக் காட்டும். ஆகவே காசு மிஞ்சினால் கனமான முக்காலிக்குச் செலவு செய்வது புத்திசாலித்தனம்.

ஃபில்டர் பற்றி விளையாட்டே கூடாது. லட்சத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் விடுகிற ஃபில்டரை லென்ஸின் முன்னால் மாட்டவேண்டும்; கண்ணை வைக்கும் பக்கம் மாட்டினால் குவிந்த சூட்டில் வெடித்துவிடும். முழுசாக மறைந்த அந்தச் சில நிமிஷம் மட்டும் கழற்றலாம். வளைய கிரகணத்தில் ஒரு நொடிகூடக் கழற்றக் கூடாது. கண்ணுக்குத் தெரிகிற மெல்லிய வளையமும் சூரியன்தான். நீண்ட லென்ஸ் அதைக் குவித்துக் கண்ணுக்குள் இறக்கும்.

நமக்கு வாய்த்தவை பெரும்பாலும் வளைய கிரகணங்களே. 2010 ஜனவரி 15இல் கன்னியாகுமரி, ராமேஸ்வரம். 2019 டிசம்பர் 26இல் கோயம்புத்தூர், திருச்சி, யாழ்ப்பாணம். 1980இல் முழு கிரகணத்தன்று பல ஊர்த் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்ததோடு ஒப்பிட்டால், 2019இல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிரகணக் கண்ணாடியோடு மைதானத்தில் நின்றதைச் சின்ன விஷயமாக நினைக்க முடியாது. அதே நாளில் எத்தனையோ வீட்டில் கர்ப்பிணிகள் பூட்டிய அறைக்குள் இருந்தார்கள். அவர்கள் சட்டத்துக்கு வெளியே.

அடுத்த வளைய கிரகணம் 2031 மே 21இல் கேரளத்தையும் தென்தமிழ்நாட்டையும் கடந்து போகிறது. அதற்கு லென்ஸே இல்லாமலும் படம் காட்டலாம். அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போட்டு ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைத் தாளைப் பிடித்தால் ஒன்பது மி.மீ. சூரியன் விழும், 1000 மி.மீ. லென்ஸ் தருகிற அதே அளவு. அதே 109 கணக்குதான். பிம்பம் மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் நாற்பது பேர் ஒரே நேரத்தில் சுற்றி நின்று பார்க்கலாம். அறைக்குள் உட்காரவைக்கப்பட்டவர்களை அந்தத் தாளைச் சுற்றி நிற்கவைப்பதற்கு வேண்டியது கருவி இல்லை. அந்த வேலையை யார் எடுத்துக்கொள்வது என்று இப்போதிருந்தே பேச ஆரம்பிக்கலாம்.